‘14ஆம் தேதிக்குள்’ என்றால் எந்த நாள்? ஒரு கல்லூரி தன் ஆவண நடையைத் திருத்திக்கொண்ட நிகழ்வு

நான் தமிழ் கற்பிக்கும் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில், ஓர் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மொத்தமும் ஒரே வாக்கியம். நடந்தவை எல்லாம் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கியதால், அதைப் பிழைகளோடு அப்படியே தருகிறேன்:

“இரண்டாம் மற்றும் மூன்றாம் ஆண்டு இளநிலை மாணவ மாணவியர்கள் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், பல்கலைக்கழக தேர்வு கட்டணத்தினை 14.08 தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும் எனவும், தவறும் பட்சத்தில் அபராதத்துடன் செலுத்த நேரிடும் எனவும், கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்கள் மற்றும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் உரிய சான்றுகளை இணைத்து விலக்கு கோரும் விண்ணப்பத்தினை அலுவலகத்தில் சமர்ப்பிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

ஆகஸ்ட் 14 காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் நீண்ட வரிசை. உள்ளே இருந்த எழுத்தர், கடைசி நாள் நேற்றோடு முடிந்துவிட்டது என்றார். 14 பிறப்பதற்கு முன் கட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கொண்ட பொருள். 14ஆம் தேதி மாலை வரை கட்டலாம் என்பது வரிசையில் நின்றவர்கள் கொண்ட பொருள். மறுநாள் சுதந்திர தினம், விடுமுறை. 16ஆம் தேதி திரும்பி வந்தவர்கள் அபராதத்தோடு கட்டினார்கள்.

அன்று காலை வரிசையின் நடுவே, இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு மாணவி, மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாள்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அம்மா, ‘க்குள்’ என்றால் அந்த நாளும் சேர்ந்ததுதானே?” என்று கேட்டாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேற்றுமை உருபுகளைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அவளுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. ‘வீட்டுக்குள்’ என்றால் வீட்டின் எல்லையும் அதில் அடங்கும். ‘பத்து நாளுக்குள் தருகிறேன்’ என்று சொன்னவர் பத்தாம் நாள் தந்தால் வாக்குத் தவறியவர் ஆகமாட்டார். ஆனால் ‘மழை வருவதற்குள் துணியை எடு’ என்றால் மழைக்கு முன்பே எடுக்க வேண்டும். ‘பொழுது விடிவதற்குள்’ என்பதும் அப்படியே. அளவைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் அந்த அளவையும் உள்ளடக்கும் ‘உள்’, நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. தேதி என்பது அளவா, நிகழ்ச்சியா? இரண்டாகவும் கொள்ளலாம். எழுத்தர் சொன்னதும் தவறில்லை, மாணவர்கள் நினைத்ததும் தவறில்லை. ஆனால் அபராதம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே விழுந்தது. என்னை இன்றும் உறுத்துவது இதுதான். இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும் எந்த அலுவலக வாக்கியமும், நடைமுறைக்கு வரும்போது எழுதியவருக்குச் சாதகமாகவும் படித்தவருக்குப் பாதகமாகவுமே முடிகிறது.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அவர் அறிவியல் துறைக்காரர். அளவுகளில் துல்லியம் பார்ப்பவர். மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்: நான், அலுவலகக் கண்காணிப்பாளர், தட்டச்சர். கல்லூரி வெளியிடும் எல்லா ஆவணங்களுக்கும் ஒரு நடைக் கையேடு எழுத வேண்டும் என்பது பணி.

கோப்புகளைப் பிரித்தபோது

ஆறு ஆண்டுச் சுற்றறிக்கைகள், குறிப்பாணைகள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், சான்றிதழ்ப் படிவங்கள் எல்லாவற்றையும் நூலகத்தின் நீண்ட மேசையில் பரப்பினோம். படிக்கப் படிக்க அதில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று பழைய மனு எழுத்தரின் குரல்: ‘தெரிவிப்பது யாதெனில்’, ‘மேற்படியார்’, ‘ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்’. மற்றொன்று ஆங்கில ஆணையைச் சொல்லுக்குச் சொல் மாற்றியவரின் குரல்: ‘இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது’, ‘கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும்’. ஒரே வாக்கியத்தில் இரண்டு குரல்களும் கலந்து பேசும் இடங்களும் உண்டு. மேலே கொடுத்த சுற்றறிக்கை அதற்கு நல்ல உதாரணம். ‘கட்டணத்தினை’ என்று தொடங்கியவர் ‘செலுத்த வேண்டும்’ என்று முடிக்க எண்ணியிருக்கிறார். பாதி வழியில் ஆங்கிலக் குரல் புகுந்து ‘செலுத்தப்பட வேண்டும்’ ஆக்கிவிட்டது. ‘மாணவியர்’ என்பதே பன்மை. அதன்மேல் இன்னொரு ‘கள்’ ஏறியிருக்கிறது.

எழுதியவர்களைக் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. தமிழ் இங்கே ஆட்சிமொழி ஆனது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால். அடுத்த ஆண்டே ஆட்சிச்சொல் அகராதி வந்தது. அதன் பயனாக அலுவலகங்களுக்குச் சொற்கள் கிடைத்தன. சுற்றறிக்கை, குறிப்பாணை, செயல்முறைகள், பெறுநர், அனுப்புநர் என்று இன்று கூச்சமில்லாமல் புழங்கும் சொற்கள் எல்லாம் அந்த உழைப்பின் பிள்ளைகள். ஆனால் அந்தச் சொற்களை வைத்து எப்படி ஒரு நேரான தமிழ் வாக்கியம் எழுதுவது என்பதை யாரும் எழுத்தர்களுக்குக் கற்றுத் தரவில்லை. பணியில் சேர்ந்த அன்று ஒரு பழைய கோப்பைக் கொடுத்து, “இதைப் பார்த்து எழுதுங்கள்” என்கிறோம். கண்காணிப்பாளர் சொன்னது இது: “அம்மா, அந்தச் சுற்றறிக்கையில் தேதியை மட்டும்தான் நாங்கள் மாற்றினோம். வாக்கியம் நான் பணியில் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது.”

சரியாக எழுத வேண்டும் என்ற ஆர்வத்தில் நான் முதலில் சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடத் தொடங்கினேன். இரண்டு நாளில் அந்தப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ‘தேர்வு கட்டணம்’ பிழைதான், ‘தேர்வுக் கட்டணம்’ என்றே இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிழையால் எந்த மாணவரும் அபராதம் கட்டவில்லை. இலக்கணம் சுத்தமாக இருந்தும் யாருக்கும் புரியாத வாக்கியங்கள் அதே மேசையில் கிடந்தன. அதனால் வலிமிகும், வலிமிகா இடங்களுக்கு விதி எழுதுவதை விட்டுவிட்டு, கல்லூரியில் நாள்தோறும் புழங்கும் சொற்களை ஒரு பக்கத்தில் சரியான வடிவில் அச்சிட்டுத் தட்டச்சர் மேசைமேல் ஒட்டினோம்: கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதிக் காப்பாளர், வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். பார்த்து எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பார்க்கும் தாளைச் சரியானதாக மாற்றினால் போதும்.

நிறுவனப் பெயர்களில் மட்டும் இலக்கணத்தையும் ஒதுக்கி வைத்தோம். 1929இல் தொடங்கிய சிதம்பரத்துப் பல்கலைக்கழகம் தன் பெயரை ‘அண்ணாமலைப் பல்கலைக்கழகம்’ என்று ஒற்றோடு எழுதுகிறது. 1978இல் சென்னையில் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று ‘அண்ணா பல்கலைக்கழகம்’ என்று ஒற்றில்லாமல் எழுதுகிறது. இரண்டும் மனிதர் பெயர்கள்தான். ஏன் இந்த வேறுபாடு என்று வகுப்பில் விவாதிக்கலாம். சான்றிதழில் விவாதிக்க இடமில்லை. அந்த நிறுவனம் எப்படி எழுதுகிறதோ அப்படி.

யார் செய்வது, செய்தே ஆக வேண்டுமா

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது செயப்பாட்டு வினையில்தான். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: “நூலகத்தில் குடிநீர் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது. ஆவன செய்ய முடிவெடுக்கப்பட்டது.” அடுத்த கூட்டத்தின் குறிப்பிலும் அதே வரி. அதற்கடுத்த கூட்டத்திலும் அதே வரி. விவாதித்தது யார், முடிவெடுத்தது யார், ஆவன செய்ய வேண்டியது யார் என்று மூன்றிலும் இல்லை. நாங்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அதே நூலகத்தில் அப்போதும் குடிநீர் இல்லை.

‘படு’ வினையை முற்றாக விலக்க வேண்டும் என்றேன். கண்காணிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. “செயப்பாட்டு வினை எங்களுக்குக் கவசம் அம்மா. பெயர் போட்டு எழுதினால் நாளைக்குத் தணிக்கையில் அந்தப் பெயருக்குரியவர்தான் நிற்க வேண்டும். எல்லா முடிவும் ஒருவர் எடுத்த முடிவா என்ன?” அவர் பேச்சில் நியாயம் இருந்தது. குழு எடுத்த முடிவைத் தனி மனிதர் தலையில் கட்டுவது சரியில்லை. பல நாள் பேசி ஒரு வழிக்கு வந்தோம். முடிவு யாருடையது என்பதைக் குழுவின் பெயரால் எழுதுவது. அதைச் செய்ய வேண்டியவரைப் பெயரால் அல்லாமல் பதவியால் எழுதுவது. ஒரு நாளையும் சேர்ப்பது. “நூலகத்தில் குடிநீர் இயந்திரம் வைக்க ஆட்சிக்குழு முடிவு செய்தது. நூலகர் மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, செப்டம்பர் 20 மாலை 5 மணிக்கு முன் முதல்வரிடம் தருவார்.” ‘முதல்வரின் செயல்முறைகள்’ என்று தலைப்பிட்டு வரும் ஆணைகளில் உள்ள ‘ஆணையிடப்படுகிறது’ என்பதை அப்படியே விட்டோம். தாளின் தலைப்பிலேயே ஆணையிடுபவர் யார் என்று இருக்கிறதே, அங்கே படிப்பவருக்கு ஐயம் எழாது.

இன்னொரு சொல் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. மாணவர்கள் அடையாள அட்டையோடு வருமாறு ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று எழுதிவிட்டு, அட்டை இல்லாதவரைத் தேர்வறை வாசலில் நிறுத்தினால் அது வேண்டுகோளா, கட்டளையா? பணிவாக எழுதுகிறோம் என்று நினைத்துக் கட்டாயத்தை மறைத்துவிடுகிறோம். கையேட்டில் மூன்று வினைமுடிவுகளை மட்டும் அனுமதித்தோம். செய்யாவிட்டால் இழப்பு உண்டு என்றால் ‘வேண்டும்’. செய்வது நல்லது, செய்யாவிட்டால் இழப்பில்லை என்றால் ‘நல்லது’. விருப்பம்போல் என்றால் ‘செய்யலாம்’. ‘கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற தொடரை முழுவதும் நீக்கினோம். அபராதம் நூறு ரூபாய் என்றால் ‘ரூ.100 அபராதம்’ என்று எழுதினால் போதும். தொகை தெரிந்தவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். கடும் நடவடிக்கை என்று படித்த முதலாண்டு மாணவர் கல்லூரிக்கு வருவதற்கே பயப்படுவார்.

‘மற்றும்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தச் சுற்றறிக்கையில் ‘கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்கள் மற்றும் மாற்றுத்திறனாளி மாணவர்கள்’ என்று இருந்தது. ‘கல்வி உதவித்தொகை பெறும்’ என்ற அடை முதல் பெயருக்கு மட்டுமா, இரண்டுக்குமா? பார்வைத்திறன் குறைந்த எங்கள் மாணவர் ஒருவர், தாம் உதவித்தொகை பெறாததால் விலக்கு தமக்கில்லை என்று எண்ணி முழுக் கட்டணமும் கட்டியிருந்தார். தமிழில் அடை எப்போதும் பெயருக்கு முன்னால் நிற்கும். அதனால் நீண்ட அடை கொண்ட பெயரை முதலில் வைத்தால் அந்த அடை பின்னால் வருவதன்மீதும் படர்ந்துவிடுகிறது. அதைக் கடைசியில் வைத்தால் சிக்கல் தீர்ந்தது: ‘மாற்றுத்திறனாளி மாணவர்களும், கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களும்’. ‘மற்றும்’ இருந்த இடத்தில் நம் பழைய ‘உம்’ வந்து உட்கார்ந்ததும் வாக்கியத்துக்கு மூச்சு வந்தது.

பெயர் யாருடையது

இந்தப் பகுதியில் என் கருத்தையே நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ரகரமும் லகரமும் தமிழில் மொழிமுதல் வாரா என்பது மரபு. அதனால் ராமன் இராமன் ஆவதும் ராஜேஸ்வரி இராஜேஸ்வரி ஆவதும் எனக்கு இயல்பாகவே பட்டது. ஆண்டுக்கணக்கில் வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் திருத்தி எழுதியும் வந்திருக்கிறேன்.

விடுதி இடம் கிடைத்தவர்கள் பட்டியல் ஒன்று அகர வரிசையில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு மாணவி ‘ர’ வரிசையை விரலால் தடவிக்கொண்டே வந்தாள், மேலிருந்து கீழ், மீண்டும் கீழிருந்து மேல். அவள் பெயர் அங்கே இல்லை. ‘இ’ வரிசையில் இருந்தது. அங்கே தேட அவளுக்கு ஏன் தோன்றும்? பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் அவள் ரகரத்தில் தொடங்குபவள். இடம் கிடைக்கவில்லை என்று ஊருக்குப் போய்விட்டாள். தோழி பட்டியலைப் படம் எடுத்து அனுப்பிய பிறகே திரும்பினாள். இலக்கணம் மொழிக்கு உரியது, பெயர் அதைத் தாங்கும் மனிதருக்கு உரியது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகளைப் பற்றியும் இதே முடிவுக்கு வந்தோம். கல்லூரியின் சொந்த வாக்கியங்களில் அவற்றைக் குறைப்போம். ஒருவர் பெயரில் கை வைக்க மாட்டோம்.

முன்னெழுத்து இதைவிடக் கடினம். பெயரைப் போலவே முன்னெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அலுவலகத்தில் இருந்த பழைய பட்டியல்களில் முன்னெழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. ‘எஸ்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்துக்குப் பின்னால் சண்முகம் இருக்கலாம், சிவராமன் இருக்கலாம், சுந்தரம், செல்வராஜ், சேகர், ஸ்டீபன் என்று யாரும் இருக்கலாம். ச., சி., சு., செ., சே., ஸ்., எதை எழுதுவது? ‘டி’ என்பது தங்கராசுவா, திருமலையா, துரையா? ஊகித்து எழுதிய இடங்களில் ஒரே மாணவருக்கு மதிப்பெண் பட்டியலில் ஒரு தந்தையும் மாற்றுச் சான்றிதழில் வேறொரு தந்தையும் இருப்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. ஆங்கில எழுத்திலிருந்து தமிழ் முன்னெழுத்தை எக்காரணம் கொண்டும் உருவாக்கக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டோம். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தோம்: “உங்கள் பெயரையும், தந்தை அல்லது தாயின் முழுப் பெயரையும், நீங்கள் வழக்கமாக எழுதுவதுபோல் தமிழில் எழுதுங்கள்.” அந்தக் கையெழுத்தே மூலம். தட்டச்சர் அதைப் பார்த்து அடிப்பார், திருத்த மாட்டார்.

ஊர்ப் பெயர்களில் கோவை, நெல்லை, தஞ்சை, திருச்சி என்று சுருக்கமாக எழுதும் ஆசை எல்லோருக்கும் உண்டு. சான்றிதழில் கோயம்புத்தூர், திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்றே இருக்கும். ஆங்கிலப் பகுதியில் ஊர்களின் எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றலாமா என்ற கேள்வியும் வந்தது. 2020 ஜூனில் அரசே 1,018 ஊர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வெளியிட்டு, சில நாள்களில் திரும்பப் பெற்றது எங்கள் நினைவில் இருந்தது. அந்தக் கேள்வியை அன்றே மூடிவிட்டோம்.

ஒரு சான்றிதழ், ஒரு சொல்

அரசுப் பணியிடங்களில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, பட்டப்படிப்பு மட்டுமல்லாமல் பள்ளிக் காலமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று ஆனது. அதனால் பல ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்களும் சான்றிதழ் கேட்டு இன்று கல்லூரிக்கு வருகிறார்கள். கல்லூரியிலிருந்து வெளியேறும் தாள்களில் ஒரு குடும்பத்தின் வாழ்வோடு இவ்வளவு நேரடியாகத் தொடர்புடையது வேறில்லை என்று நினைக்கிறேன்.

முன்னாள் மாணவர் ஒருவர் அப்படி வாங்கிப்போன தாளோடு திரும்பி வந்தார். அதில் “இவர் எமது கல்லூரியில் மூன்றாண்டுகள் தமிழ் பயின்றார்” என்று இருந்தது. இங்கே பட்டப்படிப்பில் பகுதி ஒன்று தமிழ். இயற்பியலை ஆங்கிலத்தில் படிப்பவரும் தமிழ் பயில்கிறார். அந்த மாணவரோ இயற்பியலையே தமிழில் படித்தவர். ‘தமிழ் பயின்றார்’ என்பதற்கும் ‘தமிழ் வழியில் பயின்றார்’ என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு சொல். சரிபார்ப்பில் அந்தத் தாளை ஏற்க வழியில்லாமல் போயிற்று. மேலும் அவர் முடித்தது இளம் அறிவியல் பட்டம். தாளில் ‘இளங்கலை இயற்பியல்’ என்று இருந்தது. பேச்சு வழக்கில் எல்லாப் பட்டப்படிப்பையும் இளங்கலை என்கிறோம், அந்த வழக்கம் சான்றிதழுக்குள் நுழைந்துவிட்டது. நல்ல வேளையாக அவருக்குக் கால அவகாசம் இருந்தது. மறுநாளே புதிய தாள் வாங்கிப் போனார்.

வகுப்பில் கட்டுரை திருத்தும்போது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அலுவலகத்தில் அதற்கு நேர்மாறாக விதி எழுதினேன். ஒரு பொருளுக்கு ஒரு சொல், எத்தனை முறை வந்தாலும் அதே சொல். ஒரு விண்ணப்ப அறிவிப்பில் முதல் வரியில் ‘சான்றிதழ்’, மூன்றாம் வரியில் ‘சான்று’, முடிவில் ‘சான்றாவணம்’ என்று இருந்தது. மூன்றும் ஒரே சாதிச் சான்றிதழ். இவை மூன்று தனித்தனித் தாள்களா என்று கேட்டு வந்த பெற்றோரைக் கண்காணிப்பாளர் நேரில் பார்த்திருக்கிறார்.

பட்டங்களுக்கு இளம் அறிவியல், இளங்கலை, இளம் வணிகவியல் என்றும், மூன்றையும் சேர்த்துச் சொல்ல ‘இளநிலை’ என்றும் வகுத்தோம். பெயருக்கு முன் முனைவர் பட்டம் பெற்றவருக்கு ‘முனைவர்’. பெண்கள் பெயருக்கு முன் திருமதி, செல்வி என்று பிரிப்பதை நிறுத்தினோம், அவர் மணமானவரா என்பது கட்டணப் பட்டியலுக்குத் தேவையில்லை. ‘2024ஆம்’ என்பதா ‘2024-ஆம்’ என்பதா என்ற கேள்விக்கு ஒரு மணி நேரம் செலவிட்டோம். அந்த ஒரு மணி நேரத்துக்காக வருந்துகிறேன். எதுவானாலும் ஒன்றையே பின்பற்றினால் சரி.

எழுத்துரு

இதை எனக்குக் காட்டியவர் தட்டச்சர். தட்டச்சுப் பொறியில் கை பழகிய அவர், கணினியிலும் அதே விசை அமைப்பில்தான் அடிக்கிறார். பயன்படுத்தியது வானவில் எழுத்துரு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டதும், 2010இல் அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றதும் அவருக்குத் தெரியும். ஆனால் பழைய கோப்புகள் எல்லாம் பழைய எழுத்துருவில் இருக்க, புதியதற்கு மாற அவருக்கு யாரும் நேரம் தரவில்லை. அவருடைய கணினியில் அழகாகத் தெரியும் சுற்றறிக்கை மாணவர் கைப்பேசியில் வெறும் குறிகளாகத் தெரியும். அதனால் அச்சிட்ட தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

முன்பு சொன்ன பார்வைத்திறன் குறைந்த மாணவரை அழைத்து, அந்தப் படத்தை அவர் கைப்பேசியில் திறக்கச் சொன்னேன். திரையைப் படித்துச் சொல்லும் செயலி ‘படம்’ என்று ஒரு சொல் சொல்லி நின்றுவிட்டது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு வந்த ஒவ்வொரு சுற்றறிக்கையும் ‘படம்’ என்ற ஒரே சொல்லாகவே வந்திருக்கிறது. யாரையாவது படித்துக் காட்டச் சொல்லித்தான் அவர் மூன்று ஆண்டுகளை ஓட்டியிருக்கிறார்.

தட்டச்சருக்கு இரண்டு வாரம் மற்றப் பணிகளிலிருந்து விடுப்புக் கொடுத்தார் முதல்வர். தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பை மாற்றாமலே ஒருங்குறியில் அடிக்கும் வசதி இருந்ததால், அவர் கையை மாற்ற வேண்டியிருக்கவில்லை, எழுத்துருவை மட்டும் மாற்றினார். பிறகு, கையேட்டின்படி எழுதிய ஒவ்வொரு மாதிரியையும் அந்த மாணவரின் கைப்பேசி படிக்க, நாங்கள் மூவரும் கேட்டோம். என் வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையான மெய்ப்புத் திருத்துநரைக் கண்டதில்லை. ‘14.08’ என்பதை அது பதின்ம எண்ணாகப் படித்தது. அதனால் சுற்றறிக்கைகளில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவது என்று முடிவாயிற்று. நீண்ட வாக்கியங்களில் வினை வந்து சேர்வதற்குள் எழுவாய் எங்களுக்கே மறந்து போயிற்று. கண்ணால் படிக்கும்போது திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம், காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வாக்கியங்களை வெட்டினோம்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தேர்வுக் கட்டணச் சுற்றறிக்கையைக் கண்காணிப்பாளரே எழுதினார்:

“பொருள்: நவம்பர் பருவத் தேர்வுக் கட்டணம்.
இளநிலை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அனைவரும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும்.
கடைசி நாள் ஆகஸ்ட் 14, புதன்கிழமை. அன்று மாலை 4 மணி வரை செலுத்தலாம்.
இடம்: அலுவலகம், இரண்டாம் கவுண்ட்டர்.
ஆகஸ்ட் 16 முதல் 21 வரை, அந்த இரண்டு நாள்களும் உட்பட, ரூ.100 அபராதத்துடன் செலுத்தலாம்.
மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கும் விலக்கு உண்டு. விலக்கு வேண்டுவோர் அடையாள அட்டையின் நகலையோ உதவித்தொகை ஆணையின் நகலையோ ஆகஸ்ட் 9 மாலை 4 மணிக்கு முன் அதே கவுண்ட்டரில் தர வேண்டும்.”

பலகையில் ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல் அந்த மாணவரிடம் அனுப்பினோம். இப்போது அவர் முதுநிலை முதலாம் ஆண்டு. அலுவலக அறையில் நின்றபடியே கைப்பேசியைக் காதருகே வைத்து முழுவதும் கேட்டார். “நன்றாக இருக்கிறது ஐயா” என்று கண்காணிப்பாளரிடம் சொன்னவர், சற்று நின்று, “நான்கு மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் கட்டலாமா?” என்று கேட்டார்.

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். தாளை வாங்கி மூன்றாம் வரியின் கீழ் ஒரு வரி எழுதத் தொடங்கினார். ‘நான்கு மணிக்கு வரிசையில் நிற்கும் அனைவரிடமும் கட்டணம் பெறப்படும்’ என்று எழுதியவர், ‘பெறப்படும்’ என்பதை அவரே அடித்துவிட்டு, ‘எழுத்தர் பெற்றுக்கொள்வார்’ என்று மாற்றித் தட்டச்சரிடம் கொடுத்தார்.